வாயற்ற ஜீவன்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி அம்மையார்

முன்னுரை

உலகில் நாள்தோறும் எத்தனையோ பேர் பிறக்கின்றனர். எத்தனையோ பேர் மறைகின்றனர். அவர்களுள் தமக்கென வாழாது பிறர்க்கென வாழ்ந்தவர்களை மட்டுமே உலகம் நினைவில் வைத்துப் போற்றுகிறது. பிறர் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் மனிதர்களையே எண்ணுகிறோம். மாட்டையும் குதிரையையும் கழுதையையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்து எண்ணியவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் சென்னை மாநகரில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

நம் தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் ஜெமினி மேம்பாலத்தின் அருகே, திமிறி எழும் குதிரையை ஒரு வீரன் இழுத்துப் பிடிக்கும் சிலையைக் காணலாம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் இயற்றப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்ட சிலை அது. குதிரைப் பந்தயம் சூதாட்டமன்று என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பந்தயத்தில் பணத்தைத் தொலைத்துத் தெருவுக்கு வந்த குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்க எண்ணி அச்சட்டம் செய்யப்பட்டது. அது மனிதனின் மடிச்சீலையைப் பற்றிய சட்டம். குதிரையின் முதுகைப் பற்றிய சட்டம் ஒன்று அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1960-இல், இந்த நாட்டில் வந்துவிட்டது. அது வருவதற்கு வழி வகுத்தவரே நம் அம்மையார். நாட்டியம் என்றதும் அவர் பெயரைச் சொல்லும் பலரும் இப்பணியை அறியாமல் இருக்கின்றனர். ஆகவே அதைப் பற்றியே இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி தேவி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் நாள் அது! தந்தையார் நீலகண்ட சாஸ்திரிகள் பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழிப் புலமை உடையவர். அன்னையார் சேஷம்மாள் இசையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். தந்தையார் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர். ஆதலால் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, சபையின் தலைமையகம் அமைந்திருந்த அடையாற்றிலேயே குடியேறினார். ஆற்றங்கரையும் ஆலமரமும் அமைதியும் சூழ்ந்த அந்த இடத்தில் அன்னி பெசண்ட் அம்மையார் போன்ற பெரியோர்களின் நிழலில் சிறுமி ருக்மிணி வளர்ந்தார்.

அக்காலச் சென்னையில் இன்றுபோல் மோட்டார் வண்டிகள் நிறைந்திருக்கவில்லை. ரயிலடியிலிருந்து வீடு செல்லவும், மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் போகவும் மக்கள் ஜட்கா வண்டிகளையே நம்பியிருந்தனர். சிறிய மட்டக்குதிரை ஒன்று, வண்டி நிறைய ஆட்களையும் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு வெயிலில் ஓடும். கழுத்திலும் தோளிலும் வார் உராய்ந்து புண்ணாகியிருந்தாலும், வயிற்றுப்பாட்டுக்காக வண்டிக்காரர் அதை மறுபடியும் பூட்டத்தான் செய்வார். அது சாதாரணமாகத் தெருவில் காணும் காட்சி. தினந்தோறும் காணும் காட்சி என்பதாலேயே ஒருவருக்கும் அது கொடுமையாகத் தோன்றவில்லை.

எதிர்ப்புக்கிடையே திருமணம்

1920-ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேல் அவர்களை ருக்மிணி தேவி மணந்தார். சென்னையில் பெரும் புயல் எழுந்தது. உறவினர் வெறுத்தனர், பத்திரிகைகள் கண்டித்தன. ஊரே எதிர்த்து நின்றபோதும் தாம் சரியென்று கண்ட வழியிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. இந்த மனஉறுதியே பிற்காலத்தில் பாராளுமன்றத்திலும் அவருக்குத் துணை நின்றது என்று நாம் எண்ணுகிறோம். கணவருடன் பல நாடுகளுக்குச் சென்று, பல நாட்டு மக்களின் வாழ்க்கையையும் கலைகளையும் கண்டறிந்தார். 1939-இல் குழந்தைக் கல்வியில் புகழ்பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையாரை இந்தியாவுக்கு அழைத்து, அடையாற்றில் பயிற்சி வகுப்புகள் நடத்தச் செய்தவர்களும் இத்தம்பதியரே.

கலைத்தொண்டு

ரஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு ருக்மிணி தேவியின் உள்ளத்தில் நடன ஆர்வத்தை மூட்டியது. தம் நாட்டுக் கலையைத் தேடுமாறு பாவ்லோவா அறிவுறுத்தினார். அதன்படி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் நடனம் பயின்று, 1935-இல் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். நல்ல குடும்பத்துப் பெண் மேடையில் ஆடுவதா என்று மீண்டும் ஏளனக் குரல்கள் எழுந்தன. அவர் பொருட்படுத்தவில்லை. 1936-இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்திரம் இன்று திருவான்மியூரில் உலகப் புகழோடு விளங்குகிறது. 1945-இல் கணவர் மறைந்த பிறகும் அவர் தளராமல் பணியாற்றினார். 1956-இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

மாநிலங்களவையில்

1952-ஆம் ஆண்டில் அம்மையார் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக அனுப்பப்பட்டார். அவ்வாறு நியமிக்கப்பட்ட முதல் பெண்மணி அவரே. கலைஞர் என்ற முறையில் சென்றவர் கலையைப் பற்றி மட்டுமே பேசுவார் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். அவரோ 1953-இல் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டு வந்தார்.

அப்போது நம் நாட்டில் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். வெள்ளையர் ஆட்சியில் 1890-இல் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் நகர எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். நகர எல்லையைத் தாண்டிவிட்டால் அதே குதிரையை அதே சவுக்கால் அதே மனிதன் அடித்தாலும் கேட்பாரில்லை!

மேல்நாட்டிலும் இந்தக் கருணை எளிதாக வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் மாடு குதிரைகளை வதைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1822-இல் தான் வந்தது. அங்கே செல்வர் வீட்டுக் கோச்சு வண்டிக் குதிரைகளின் தலை எப்போதும் நிமிர்ந்து அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, தலையைப் பின்னுக்கு இழுத்து வாரினால் இறுகக் கட்டும் வழக்கம் இருந்தது. மேட்டில் வண்டி இழுக்கும் குதிரைக்குத் தலையைத் தாழ்த்தினால்தான் பலம் கிடைக்கும். அழகுக்காக அந்தப் பலத்தையே பறித்துவிட்டனர். சிறு வயதிலேயே கால் ஊனமுற்று, எங்கு செல்வதற்கும் குதிரை வண்டியையே நம்பியிருந்த அன்னா சூவெல் என்ற பெண்மணி, அந்தக் கொடுமையைக் குதிரையே தன் கதையைச் சொல்வதுபோல் எழுதினார். அதுவே நாம் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் 'பிளாக் பியூட்டி'. 1877-இல் நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அங்கே ஒரு பெண்மணி கதை எழுதி மக்களின் மனத்தை மாற்றினார். இங்கே ஒரு பெண்மணி சட்டம் எழுதி மாற்ற முனைந்தார்.

அம்மையாரின் மசோதாவைக் கேட்ட பிரதமர் ஜவாஹர்லால் நேரு, அரசாங்கமே இதற்கென ஒரு குழுவை அமைத்து முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கூறினார். அதை ஏற்று அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தம் பெயரால் ஒரு சட்டம் வர வேண்டும் என்னும் ஆசை இருந்திருந்தால் அவர் பிடிவாதம் பிடித்திருப்பார். அவருக்கோ பெயர் முக்கியமாக இருக்கவில்லை. குழு அமைந்தது, ஆய்ந்தது, அறிக்கை தந்தது. ஏழாண்டுக் காத்திருப்புக்குப் பின் 1960 டிசம்பரில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் சொல்வது என்ன?

இச்சட்டத்தின் பதினோராம் பிரிவு, கொடுமை என்றால் என்ன என்பதை வரிசையாக எடுத்துக் கூறுகிறது. அடித்தல், உதைத்தல் என்பவற்றை அடுத்து உடனே வருவது, அளவு மீறிச் சவாரி செய்தல். அதற்குப் பின் அளவு மீறி ஓட்டுதல், அளவு மீறிப் பாரம் ஏற்றுதல் ஆகியன வருகின்றன. முதுமையாலோ நோயாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதியற்றுப் போன பிராணியை வேலை வாங்குவதும் குற்றமே.

அளவு மீறிச் சவாரி செய்தல் என்னும் இச்சிறு தொடரை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடிப்பவனைக் கண்டால் கொடியவன் என்று எவரும் சொல்லிவிடுவர். ஆனால் குதிரையின் மேல் அன்பு உள்ளவன் கூட, வெற்றியின் ஆசையால் அது களைத்த பின்னும் ஓட்டக்கூடும். சவுக்கைத் தொடாமலேயே கொடுமை செய்ய முடியும் என்பதைச் சட்டம் இங்கே சொல்லிவிடுகிறது.

சட்டத்தைத் தொடர்ந்து 1965-இல் வண்டி இழுக்கும் பிராணிகளுக்கும் பொதி சுமக்கும் பிராணிகளுக்கும் விதிகள் வந்தன. மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றலாகாது. கழுதைக்கு 50 கிலோ. கோவேறு கழுதைக்கு 200 கிலோ. ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் வண்டிக்காரரையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் தவிர்த்து நால்வருக்கு மேல் ஏறலாகாது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டலாகாது. சவாரிக்கானாலும் வண்டிக்கானாலும் முள் வைத்த கடிவாளத்தையோ, காயமும் வீக்கமும் உண்டாக்கும் கூரிய சாமான்களையோ பயன்படுத்தலாகாது. நம் சென்னையின் சித்திரை வெயிலை நினைத்துப் பார்த்தால் இவ்விதிகளின் அருமை விளங்கும்.

ஆயினும் இச்சட்டத்தில் அம்மையாருக்கு மனநிறைவு அளிக்காத பகுதிகளும் உண்டு. விலங்குகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதைச் சட்டம் அடியோடு தடுக்கவில்லை. குழு ஒன்றின் கண்காணிப்பில் அனுமதித்தது. தண்டனையும் மிகச் சிறியது. முதல் முறை குற்றம் செய்தவருக்கு உயர்ந்தபட்சம் 50 ரூபாய்தான் அபராதம். 1960-இல் 50 ரூபாய் என்பது ஏழை வண்டிக்காரருக்குப் பெருந்தொகை. அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த 50 ரூபாய் 50 ரூபாயாகவே நின்றது. ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாத அந்தத் தொகைக்கு அஞ்சி யார் சவுக்கைக் கீழே வைப்பார்கள்? ஆகவே சட்டம் மட்டும் போதாது, மனமும் மாற வேண்டும் என்பது தெளிவாகிறது.

வாரியத்தின் தலைவி

இந்த மனமாற்றத்தை உண்டாக்கவே சட்டத்தின் வழியாக 1962-இல் விலங்கு நல வாரியம் நிறுவப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற அம்மையார், தம் இறுதிநாள் வரை இருபத்து நான்கு ஆண்டுகள் அப்பணியைச் செய்தார். நாடு முழுவதற்குமான அவ்வாரியத்தின் தலைமையகம் தில்லியில் அல்ல, நம் சென்னையில் இருந்தது என்பது நமக்கெல்லாம் பெருமை. 2018-இல் தான் அது ஹரியானா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. காலையில் மாணவியருக்கு அடவு சொல்லித் தந்த கரங்கள், கசாப்புக்கு ஓட்டிச் செல்லப்படும் மாடுகளுக்காகவும் கூண்டில் அடைபட்ட குரங்குகளுக்காகவும் ஓயாது உழைத்தன. அவர் வாழ்நாள் முழுவதும் சைவ உணவையே உண்டார்; சைவ உணவுக் கொள்கையை உலக அரங்குகளிலும் பரப்பினார்.

கலைக்கும் கருணைக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நாட்டியம் பயிலும் நம் தோழியரைக் கேட்டால் சொல்வார்கள். கணுக்காலில் சுளுக்கு ஏற்பட்டால் ஆசிரியையிடம் சொல்லி உட்கார்ந்துகொள்ளலாம். குதிரையோ சொல்ல முடியாது. அதுமட்டுமன்று, காட்டில் புலிக்கும் ஓநாய்க்கும் அஞ்சி வாழ்ந்த இனமாதலால் வலியை வெளிக்காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. நொண்டுவது கண்ணுக்குத் தெரியும்போது வலி மிகவும் முற்றியிருக்கும். எனவே சொல்லாத வலியைக் கண்டுபிடிக்க வேண்டியது மேலே அமர்ந்திருப்பவரின் கடமையாகிறது.

உலகப் போட்டிகளில் குதிரைகள்

அம்மையாரின் சட்டத்தில் கண்ட அந்தச் சிறு தொடர் இன்று உலகப் பெரும் விளையாட்டு அரங்குகளிலும் பேசப்படுகிறது. குதிரையேற்றத்தில் மும்முனைப் போட்டி என ஒன்று உண்டு. 1912 முதல் ஒலிம்பிக்கில் நடைபெறுவது. முதலில் குதிரை கட்டளைக்கு இசைந்து ஒழுங்காக நடை பயில வேண்டும். அடுத்துக் காடு மேடுகளில் நீண்ட தூரம் விரைந்தோடி மரக்கட்டைகளையும் அகழிகளையும் நீர்நிலைகளையும் தாண்ட வேண்டும். இறுதியில் அரங்கில் தடைக்கம்பங்களைத் தட்டாமல் தாண்ட வேண்டும். 1982-இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டு வீரர்கள் இதில் தனிநபர் தங்கமும் குழுத் தங்கமும் வென்றனர். பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஆசியப் போட்டியில் வெள்ளி வென்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடம் பெற்றார். இரண்டிலும் அவரைச் சுமந்தது செஞ்யூர் மெடிகாட் என்னும் ஒரே குதிரை. வீரரின் பெயரோடு குதிரையின் பெயரையும் சேர்த்தே உலகம் எழுதுவது பொருத்தந்தானே!

ஆனால் அதே டோக்கியோவில் சுவிட்சர்லாந்து நாட்டுக் குதிரையான ஜெட் செட், இரண்டாம் கட்டத்தில் தடை தாண்டியபோது காலின் தசைநார் அறுந்து, குணப்படுத்த இயலாமல் கருணைக்கொலை செய்யப்பட்டது. ஐந்து விளையாட்டுகள் அடங்கிய வேறொரு போட்டியில், மிரண்டு போய் ஓட மறுத்த குதிரையைச் சவுக்கால் அடித்ததையும், பயிற்சியாளர் முஷ்டியால் குத்தியதையும் உலகமே தொலைக்காட்சியில் கண்டு கொதித்தது. அதன் விளைவாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பிறகு அப்போட்டியிலிருந்து குதிரைச் சவாரியையே நீக்கிவிட்டனர்.

மும்முனைப் போட்டியை நடத்துவோரும் விதிகளைக் கடுமையாக்கியுள்ளனர். போட்டிக்கு முன்பும் இறுதிக் கட்டத்துக்கு முன்பும் குதிரைகளை நடுவர்களும் கால்நடை மருத்துவரும் நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்க்கின்றனர். நொண்டும் குதிரை விலக்கப்படும். சவுக்கையும் குதிமுள்ளையும் மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கும், களைத்த குதிரையை மேலும் ஓட்டுவோர்க்கும் தண்டனை உண்டு. பலமாக மோதினால் கழன்று விழும்படி தடைகள் சிலவற்றை அமைக்கின்றனர். இவ்வளவு விதிகள் இருந்தும், திடலின் நடுவில் குதிரையின் மூச்சு இரைப்பதை முதலில் உணர்பவர் நடுவர் அல்லர், சவாரி செய்பவரே. அந்த நொடியில் பதக்கமா, பிராணியா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே.

ஒன்றை நாம் மறக்கலாகாது. பல லட்சம் ரூபாய் பெறும் ஒலிம்பிக் குதிரைக்கு மருத்துவர் உண்டு, குளிர்ந்த நீர் உண்டு, லாயம் உண்டு. மெரினாக் கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்து மணலில் நடக்கும் குதிரைக்கு அவை அரிது. அதை வைத்துப் பிழைப்பவரும் ஏழை. அவர் வீட்டிலும் பசித்த குழந்தைகள் உண்டு. அவரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் வீடு திரும்பினால் அது நீதியாகாது. புண்பட்ட முதுகின் மேல் உள்ள சேணத்தில் ஏற மறுப்பதும், நல்ல முறையில் வளர்த்த குதிரைக்கு மகிழ்வோடு பணம் தருவதும் நம் கையில் இருக்கின்றன. வாங்குபவர் மாறினால் விற்பவரும் மாறுவார். செல்வரின் குதிரைக்கும் ஏழையின் குதிரைக்கும் ஒரே சொற்களால் காப்பு எழுதியதே அச்சட்டத்தின் சிறப்பு.

பெரிய பதவியை மறுத்தவர்

1977-ஆம் ஆண்டில் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவர்கள், குடியரசுத் தலைவர் பதவிக்கு அம்மையாரின் பெயரை முன்மொழிய விரும்பினார். நாட்டின் முதற்குடிமகள் ஆகும் வாய்ப்பு. அதுவரை எந்தப் பெண்ணும் அமராத ஆசனம். அம்மையார் அதை மறுத்துவிட்டுத் தம் மாணவியரிடமும் தம் வாயற்ற நண்பர்களிடமுமே இருந்துவிட்டார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், தம் 82-ஆம் பிறந்த நாள் கொண்டாட்டத்துக்குச் சில நாள்களே இருக்கையில், சென்னையில் காலமானார்.

முடிவுரை

ருக்மிணி தேவி அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை பல. ஊர் எதிர்த்தாலும் சரியென்று கண்டதைச் செய்யும் துணிவு. தம் பெயர் மறைந்தாலும் காரியம் நடந்தால் போதும் என்னும் தன்னலமின்மை. ஏழாண்டுகள் ஆனாலும் காத்திருக்கும் பொறுமை. இவை யாவற்றிற்கும் மேலாக, தினந்தோறும் கண்டு பழகிப்போன கொடுமையைப் புதிதாகக் காணும் கண்.

நம்முள் எல்லாரும் சட்டமன்றத்துக்கோ பாராளுமன்றத்துக்கோ போகப் போவதில்லை. குதிரை மேல் ஏறப் போகிறவர்களும் மிகச் சிலரே. ஆனால் நம் தெருவில் தாகத்தோடு நிற்கும் மாட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் வைக்க எல்லாராலும் முடியும். அடிபடும் நாயைக் கண்டால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. வாய் இல்லாத அவற்றுக்காக நம் வாயைப் பயன்படுத்துவோமாக! அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி